மே மாதம் மூர்லாந்தில் நாயை அவிழ்த்துவிடலாமா?

கூப்பிட்டால் திரும்பி வரும் நாய்தானே, வடக்கு யார்க் மூர்ஸ் என்ற மூர்லாந்தில் (மரமில்லாத மேட்டுப் புதர்வெளியில்) அவிழ்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இங்கிலாந்தில் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள திறந்தவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிறு கட்டாயம். இழுத்தால் நீளும் கயிறு கணக்கில் வராது. ஆடுமாடு அருகில் இருந்தால் வருடம் முழுவதும் இதே விதிதான்.

கௌதாரி போன்ற கிரௌஸ் பறவை, ஹெதர் புதருக்கடியில் தரையிலேயே முட்டையிடும். ஒருமுறை எங்கள் நாய் முகர்ந்து நின்ற இடத்தில், என் காலடியிலிருந்தே தாய்ப்பறவை படபடவென்று எழுந்தது. அதுவரை அங்கே கூடு இருப்பதே தெரியவில்லை. மனசு பதறிவிட்டது.

மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும். அப்புறம், வீடு திரும்பியதும் காது மடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.