போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் 92: வென்சுரி வாளியைப் பார்த்தீர்களா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் 2 ஏக்கரில் சொட்டுநீரில் ஹைபிரிட் தக்காளி. 780 அடி போர். ஏக்கருக்கு 7 மூட்டை யூரியா வரை வென்சுரியில் (வாளியில் கரைத்த உரத்தை உறிஞ்சிச் சொட்டுநீர்க் குழாயில் ஏற்றும் கருவி) விடுகிறேன். தண்ணீரைச் சோதித்ததில் லிட்டருக்கு நைட்ரேட் 92, புளோரைடு 1.9 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இரண்டு மாதக் குழந்தைக்கு இந்தத் தண்ணீரில்தான் பால்பவுடர் கலக்குகிறோம். கொதிக்க வைத்தால் போதுமா, ஆர்.ஓ. வாங்க வேண்டுமா ஐயா? 3 கறவை மாடும் இதைத்தான் குடிக்கிறது.

பதில்: முதலில் குழந்தை. இந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலப்பதை இன்றே நிறுத்துங்கள். கொதித்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். 45-க்குள் இருக்க வேண்டியது உங்களிடம் இரண்டு மடங்கு இருக்கிறது. பச்சைக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் இது செய்துவிடும். உதடும் நகமும் நீலமாகத் தெரிந்தால் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள், நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒகேனக்கல் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறதென்றால் குடிக்க மட்டுமில்லை, சமைக்கவும் அதையே பிடித்து வையுங்கள். களிக்கு வைக்கும் உலைத்தண்ணீரும் வயிற்றுக்குள்தானே போகிறது? ஆர்.ஓ. நைட்ரேட், புளோரைடு இரண்டையும் நன்றாகவே குறைக்கும். ஆனால் யு.வி. விளக்கும் கார்பனும் மட்டும் உள்ள பெட்டியைத் தலையில் கட்டிவிட்டுப் போகிற ஆட்கள் உண்டு. அதில் இரண்டுமே குறையாது. எதை வாங்கினாலும் வெளிவரும் தண்ணீரை மறுபடி சோதித்துப் பாருங்கள். மாடுகளுக்கு இந்த அளவால் உடனடி ஆபத்தில்லை. யூரியா போட்டு வாடி நிற்கும் சோளத்தட்டை மட்டும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள், அதிலும் நைட்ரேட் ஏறியிருக்கும்.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். புளோரைடு நம் பாறையில் இருந்து கரைந்து வருவது, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. நைட்ரேட் பாறையில் ஊறுவதில்லை, மேலே போடும் உரத்திலும் எருவிலும் இருந்து இறங்குவது. 780 அடி போரில் 92 என்றால் எங்கோ குறுக்குவழி இருக்கிறது. போர் அருகில் எருக்குழி இருக்கிறதா, கேசிங் பைப்பை (போரின் வெளிக்குழாய்) சுற்றி மண் உள்வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். என் சந்தேகம் என்னவோ வென்சுரி மேல்தான்.

உரம் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. பைப்பில் நிற்கும் தண்ணீர் போருக்குள் திரும்ப இறங்கும்போது வாளியில் இருக்கும் யூரியாக் கரைசலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். காரிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் என் கண்முன்னால் நடந்தது. மோட்டார் நின்ற பிறகும் குழாய் சர்ரென்று உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அரை வாளி காலி. தோட்டக்காரர் "செடிக்குத்தானே சார் போகுது" என்றார்.

நீங்களும் பார்க்கலாம். வாளியில் வெறும் தண்ணீர் வைத்து மோட்டாரை ஓட்டுங்கள். நிறுத்தியதும் வயல் பக்க வால்வைச் சட்டென்று மூடிவிட்டு வாளியைக் கவனியுங்கள். மட்டம் இறங்கினால் அது போருக்குத்தான் போகிறது. "மோட்டாரிலேயே வால்வு இருக்கு" என்பார் மெக்கானிக். அதில் ஒரு மணல் பொடி சிக்கினால் போதும், சரியாக மூடாது. வென்சுரிக்கு முன்னால், போர் பக்கமாக, தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைத் தனியாகப் போடுங்கள். சொட்டுநீர் செட் விற்பவர்கள் ரேட்டைக் குறைத்துக் காட்ட முதலில் கழற்றிவிடுவது இதைத்தான். கொட்டேஷனில் அந்த வரி இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பூச்சிமருந்து டிரம்மில் போர் ஓஸை முக்கி வைத்து நிரப்புவதும் இதே கதைதான், ஒரு முழம் மேலே தூக்கிப் பிடியுங்கள்.

அப்புறம் அந்த 7 மூட்டை. ஹைபிரிட் தக்காளிக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 200 கிலோ தழைச்சத்து. 45 கிலோ மூட்டைக் கணக்கில் ஏக்கருக்கு ஏறக்குறைய 4 மூட்டைதான் வருகிறது, அதுவும் தொழு உரத்தையும் 19:19:19 கலப்பு உரத்தையும் கணக்கில் சேர்க்காமல். மீதி 3 மூட்டையை யார் எழுதிக் கொடுத்தது, கடைக்காரரா? அவருக்கு விற்பனைக் கணக்கு தெரியும், உங்கள் போர் ஆழம் தெரியாது.

வால்வு போட்டு, எருக்குழியைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி வைத்து, ஒரு மழைக்காலம் போனதும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் மறுபடி சோதியுங்கள். அதற்கு முன்னால், வாளி மட்டம் இறங்கியதா என்று ஒரு கார்டு போடுங்கள்.