கொண்டோ கூட்டத்துக்கு வாடகைக்கு இருப்பவர் போகலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து கனடாவில் ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்துக் கடைத்தொகுதியை இடித்து 40 மாடிக் கொண்டோ (அடுக்குமாடி வீட்டுத்தொகுதி) கட்டப்போவதாகப் பலகை நட்டிருக்கிறார்கள், படத்தைப் பார்த்து அக்கம்பக்கம் எல்லாம் திட்டுகிறது, வாடகைக்கு இருக்கிற நானும் நகரசபைக் கூட்டத்துக்குப் போகலாமா, போய் என்ன சொல்வது?

தம்பி, தாராளமாகப் போங்கள். வீடு சொந்தமா, சிட்டிசனா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். நானும் திருகோணமலைதான். ஊரில் பக்கத்துக் காணியில் மாடி எழும்பிக் கடற்காற்றை மறித்தால் தேத்தண்ணிக் கடையில் பேசி ஆற்றிக்கொள்வோம். இங்கே அதைச் சொல்லவென்றே ஒரு கூட்டம் வைக்கிறார்கள். 2024 இல் ஒன்ராறியோ மாகாண அரசு சட்டத்தை மாற்றியபின், அயலவர்கள் இப்படியான திட்டங்களை எதிர்த்து மாகாணக் காணித் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்ய வழியில்லை. அதனால் இந்தக் கூட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

அங்கே "அசிங்கமான கண்ணாடிப் பெட்டி" என்ற பேச்சு நிறையக் கேட்கும். சிலருக்கு அது உண்மையான கவலை. சிலருக்கு மாடிவீட்டுக்கு வரப்போகிற சனத்தைப் பிடிக்காது, வடிவத்தைச் சாட்டுகிறார்கள். எப்படியோ, அசிங்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, திட்டத்தைப் பரிசீலிக்கிற நகரசபைப் பிளானரால் ஒன்றும் செய்ய முடியாது.

நீங்கள் நிழலைப் பற்றிக் கேளுங்கள். 100 மீற்றர் உயரக் கட்டடத்தின் நிழல் டிசம்பர் கடைசியில், நண்பகலில், திருகோணமலையில் 60 மீற்றரைச் சற்றுத் தாண்டும். ரொறன்ரோவில் 230 மீற்றருக்கு மேல் போகும், சூரியன் அவ்வளவு தாழ்வு. பள்ளிக்கூட மைதானத்தில் எத்தனை மணிக்கு வெயில் மறையும் என்று கேட்டால் நிழல் வரைபடத்தை விரித்துப் பதில் சொல்லியே ஆகவேண்டும். காற்றும் அப்படித்தான். கச்சான் அடிக்கிற ஊரில் வளர்ந்த எங்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை, ஆனால் உயரக் கோபுரத்தில் மோதிக் கீழே இறங்குகிற ஜனவரிக் காற்று பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் வயதானவரைத் தள்ளிவிடும். நகரின் உயர்கட்டட வழிகாட்டியில் கோபுரத்தின் ஒரு தளம் 750 சதுர மீற்றருக்குள், இரு கோபுரங்களுக்கிடையே 25 மீற்றர் என்று இருக்கிறது. அதை இந்தத் திட்டம் மதிக்கிறதா என்று கேளுங்கள்.

எதிர்ப்பினால் வடிவம் மாறியும் இருக்கிறது. 2012 இல் ரொறன்ரோ கிங் வீதியில், பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி வரைந்த மூன்று கோபுரங்களுக்காக ஒரு நாடக அரங்கையும் பழைய பண்டகசாலைகளையும் இடிக்க இருந்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 2014 இல் கோபுரம் இரண்டானது, அரங்கு தப்பியது. கெரி போன்ற ஒருவரின் படமே மாறியதென்றால் உங்கள் மூலைக் கட்டடம் மாறாதா?

எனக்கு இதில் பெரிய கவலை நிலமட்டம்தான். அந்தத் தொகுதியில் இடியப்பமும் சொதியும் கட்டிக் கொடுக்கிற கடை, தையல் கடை, பின்னேரத்தில் ஐயாமார் கூடிக் கதைக்கிற படி எல்லாம் இருக்கும். புதுக் கட்டடத்தின் கீழே ஒரே ஒரு பெரிய கடைக்கு இடம் வரைந்தால் இவர்கள் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள். சின்னச் சின்னக் கடைகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள், வெளியே நிழலோடு இருக்கைகளும் கேளுங்கள். இதுவும் டிசைன்தான், இதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியான ஆள் அங்கே இருக்க மாட்டார்.

பலகையில் பிளானரின் தொடர்பு விபரம் இருக்கும். பேசத் தயக்கமென்றால் எழுதி அனுப்புங்கள், முடிவை அறிவிக்கும்படியும் அதிலேயே கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கூட்டத்துக்கு முன்னமே சொல்லிவைக்க வேண்டும்.