1993 டெங்கே நோட்டுக் கட்டில் 50,000 ரூபாய் போடலாமா?

கேள்வி: மகன் அல்மாட்டியில் மருத்துவம் படிக்கிறான். அவன் மூலம் கசகஸ்தானின் பழைய நோட்டுகள் மேல் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஒரு வியாபாரி, 1993ஆம் ஆண்டின் 1 'டியின்' (அந்த நாட்டின் சில்லறைக் காசு) நோட்டுகளை நூறு நூறாகக் கட்டி வைத்துக்கொண்டு, "ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும்" என்கிறார். 50,000 ரூபாய் போடலாமா?

பதில்: சேகரியுங்கள், தப்பில்லை. ஆனால் முதலீடு என்று கட்டுக்கட்டாக வாங்காதீர்கள்.

கசகஸ்தானின் நாணயமான டெங்கே புழக்கத்துக்கு வந்தது 1993 நவம்பர் 15 அன்று. அதுவரை இருந்த ரூபிளில் 500க்கு ஒரு டெங்கே என்று மாற்றிக் கொடுத்தார்கள். அப்போது ஒரு டாலர் ஐந்து டெங்கேக்கும் குறைவு. அதாவது 100 டெங்கே நோட்டு 20 டாலருக்கு மேல். விலைவாசி தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நோட்டை மடிக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைக்க யாருக்கு வசதி இருந்திருக்கும்? 1 டியின் நோட்டின் கதை வேறு. அது டெங்கேயில் நூறில் ஒரு பங்கு. சீக்கிரமே எதையும் வாங்க உதவாத காசாகிவிட்டது. செலவழிக்க முடியாததால்தான் இன்றும் கட்டுப் பிரிக்காமல் கிடைக்கிறது. 30 வருடம் ஆனதாலேயே ஒரு நோட்டு அரிதாகிவிடாது. சேகரிப்பவருக்கும் ஒவ்வொரு வகையிலும் ஒரு நோட்டு போதும். உங்கள் நூறையும் வாங்க எத்தனை பேர் வருவார்கள்?

வியாபாரியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதே கட்டை இன்றைக்கே திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" அவர் சொல்லும் தொகைதான் அதன் மதிப்பு. பதில் சொல்லாமல் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். தரச்சான்று வாங்கி உறையிட்டால் விலை ஏறும் என்பார். இதுபோன்ற மலிவு நோட்டுக்குச் சான்றுக் கட்டணமே நோட்டின் விலையைத் தாண்டிவிடும்.

சரி, ஆசையை என்ன செய்வது? இரண்டு மூவாயிரம் ஒதுக்கி, சிறு மதிப்புகள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நல்ல நோட்டு எடுங்கள். தத்துவஞானி அல்-ஃபராபி படம் போட்ட 1 டெங்கேயும், சோவியத் காலத்து 3 ரூபிள் நோட்டுப் பழக்கத்தில் வந்த அந்த விசித்திரமான 3 டெங்கேயும் அதில் இருக்கட்டும். பிவிசி உறை வேண்டாம், நாளடைவில் காகிதத்தைக் கெடுக்கும். மடிப்பு எடுக்கிறேன் என்று இஸ்திரி போட்டுவிடாதீர்கள்.

மீதிப் பணத்தை வங்கி வைப்பில் போடுங்கள். மகன் வெளிநாட்டில் படிக்கும்போது, அவசரத்துக்கு ஒரு விமான டிக்கெட் எடுக்கும் பணம் கையில் இருந்தாக வேண்டும்.