சொந்தமாக லினக்ஸ் கர்னல் கம்பைல் செய்வோருக்கு: கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாணவர்: அண்ணாச்சி, உபுண்டு லினக்ஸோடு வரும் கர்னலே நன்றாகத்தானே ஓடுகிறது. நாமே கம்பைல் செய்து என்ன லாபம்?

வேகத்துக்காகச் செய்யாதீர்கள் தம்பி, கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் வராது. கர்னல் என்பது மெஷினையும் மென்பொருளையும் இணைக்கும் லினக்ஸின் மையப் பகுதி. அதன் மூல நிரலை ஓடக்கூடிய வடிவமாக மாற்றுவதுதான் கம்பைல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் கர்னல் சுமார் 10,000 வரி. இன்று 3 கோடியைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது சாதனங்களை இயக்கும் நிரல்கள். கர்னலில் எதைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்கும் 'மேக் மெனுகான்ஃபிக்' பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றின் உதவிக் குறிப்பையும் ஒரு சாயங்காலம் வாசியுங்கள். உங்கள் மெஷினுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று புரிய ஆரம்பிக்கும். அந்தப் படிப்பு வேறெங்கும் கிடைக்காது.

தென்காசி வாசகி: பழைய லேப்டாப். கம்பைல் மூன்று மணி நேரமாக ஓடிக்கொண்டே இருக்கிறது.

உங்களிடம் இல்லாத சாதனங்களுக்கும் சேர்த்து டிரைவர் கம்பைல் ஆகிறதம்மா. நிறுத்திவிட்டு 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுங்கள். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை (தேவைப்படும்போது கர்னலில் ஏறும் துண்டுகளை) வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடும்.

ஒன்றில் கவனம். நான் பென்டிரைவ் செருகாமல் இதைக் கொடுத்துவிட்டேன். புதுக் கர்னல் அழகாக பூட் ஆனது, வைஃபையும் வந்தது. மறுவாரம் மதினி கல்யாணப் படங்களைக் கொண்டுவந்தார்கள். பென்டிரைவ் பெயர் தெரிகிறது, திறக்க மட்டும் முடியவில்லை. பென்டிரைவின் கோப்பு முறையைப் படிக்கும் விஃபேட் மாட்யூலே கழிந்துபோயிருந்தது. அதனால் பென்டிரைவ், பிரிண்டர், ஹெட்போன் எல்லாவற்றையும் ஒருமுறை செருகித் திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் கட்டளையைக் கொடுங்கள்.

அம்பாசமுத்திரம்: பாதியில் கரண்ட் போய்விட்டது. முதலிலிருந்தா?

வேண்டாம். மறுபடி 'மேக்' கொடுத்தால் முடிந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியைத் தொடரும். கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பூஜ்ய பைட்டாக நிற்கலாம். பிழைச் செய்தியில் அதன் பெயர் வரும், அதை மட்டும் அழித்துவிட்டு ஓட்டுங்கள்.

பேட்டை: 'கெனானிக்கல் சர்ட்ஸ்' கோப்பைக் காணோம் என்று நிற்கிறது.

உபுண்டுவின் கான்ஃபிக்கை, அதாவது கர்னல் அமைப்புக் கோப்பை, நகலெடுத்திருக்கிறீர்கள். அது தேடும் சான்றிதழ்க் கோப்பு உங்களிடம் இல்லை. அந்தக் கான்ஃபிக்கில் டிரஸ்டட் கீஸ், ரெவகேஷன் கீஸ் இரண்டு வரியிலும் மேற்கோள் குறிக்குள் இருப்பதை அழித்துவிடுங்கள், போதும்.

வள்ளியூர்: இன்ஸ்டால் முடிந்தது. பூட் செய்தால் 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்கிறது. பழைய கர்னலை அழித்துப் பார்க்கவா?

ஐயோ, தொடவே தொடாதீர்கள். திரும்பி வர உங்களுக்கு இருக்கிற ஒரே வாசல் அதுதான். கிரப் என்ற பூட் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கர்னலில் ஏறுங்கள். நம்பகமான டிஜிட்டல் கையெழுத்து இல்லாத கர்னலை, மெஷினின் பூட் பாதுகாப்பான செக்யூர் பூட் விடாது. சொந்தச் சாவி உண்டாக்கி, அதை மெஷினில் பதிவு செய்து, கர்னலில் கையெழுத்திடலாம், அல்லது பயாஸில் செக்யூர் பூட்டை நிறுத்தலாம். அதே மெஷினில் விண்டோஸ் இருந்தால், நிறுத்துவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.