ரைஃபிள் போல்ட்டின் சிறு பாகங்கள் எத்தனை நாள் உழைக்கும்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் மவுசர் 98 ரைஃபிளில், சுட்ட தோட்டாவின் உறையை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் நகம் மூளியாகிவிட்டது. மட்டமான எஃகுதான் காரணமா?

பதில்: எஃகின் மேல் பழி போடுவதற்கு முன் உடைந்த முகத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அலை வடிந்த மணல்போல் வரிவரியாகத் தெரிந்தால், பல முறை சுட்டதில் மெல்ல வளர்ந்த விரிசல் அது. முகம் முழுவதும் சர்க்கரைப் பரல்போல் மின்னினால் பதம், அதாவது எஃகைக் காய்ச்சிக் குளிர்வித்து உறுதியாக்கும் வேலை, தவறியிருக்கலாம். தோட்டாவைக் கையால் நேரே குழலின் பின்முனை அறைக்குள் போட்டு, அந்த அறையை அடைக்கும் நகரும் தண்டான போல்ட்டை மூடும் பழக்கம் உண்டா? அந்த நீண்ட எக்ஸ்ட்ராக்டர், தோட்டாக்களை அடுக்கும் மேகசினிலிருந்து எழும் தோட்டாவின் விளிம்பைப் பற்றிக்கொள்ள அமைந்தது. விளிம்பின் மேல் ஏறித் தாவும்படி அதை வற்புறுத்தினால் நல்ல வில் எஃகும் தாங்காது.

கேள்வி: கடினம் கூடினால், தோட்டாவின் அடியில் மோதி அதை வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் நீண்ட நாள் உழைக்கும் அல்லவா?

பதில்: இல்லை. கடினம் தேய்மானத்தைத்தான் தடுக்கும். ஃபயரிங் பின்னுக்கு ஒவ்வொரு முறையும் மோதல். ஒடியாத தன்மையும் வேண்டும். இரண்டையும் சமன்செய்வது பதம். அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு 1903 ரைஃபிள்களை நினைத்துப்பாருங்கள். எஃகு காய்ந்த நிறத்தைக் கண்ணால் பார்த்தே உலைக்காரர்கள் வெப்பத்தை முடிவுசெய்தார்கள். வெயிலில் ஒரு நிறம், மேகமூட்டத்தில் வேறு நிறம்! அளவு மீறிக் காய்ந்த எஃகு நொறுங்கும் தன்மை பெற்றது. 1917இல் சில ரைஃபிள்களின் உடற்பகுதியே சிதறியது; 1918இல் பதமிடும் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000க்குக் கீழான எண் கொண்டவற்றைச் சுடாதீர்கள் என்று இன்றும் எச்சரிக்கிறோம். எஃகின் பெயரைக் கேட்பவர்கள் பதத்தைக் கேட்பதில்லையே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கேள்வி: உலோகத் தூளை அச்சில் செலுத்திச் செய்த பாகங்களை நம்பலாமா?

பதில்: பாகத்தைப் பொறுத்தது. தூளையும் பிசினையும் கலந்து அச்சில் செலுத்தி, பிசினை நீக்கி, உலையில் இறுகவைக்கிறார்கள். நன்றாகச் செய்தால் அடர்த்தி 95 சதவீதத்தைத் தாண்டும். பாதுகாப்பு நெம்புகோலுக்குத் தயங்காமல் ஏற்பேன். எக்ஸ்ட்ராக்டருக்கு மாட்டேன், வளைந்து நிமிரும் நகத்தில் எஞ்சிய ஒவ்வொரு நுண்துளையும் விரிசலுக்கு வாசல்.

கேள்வி: துரு பிடிக்காமலிருக்க முலாம் பூசலாமா?

பதில்: கடினமான எஃகு என்றால் கவனம். அமிலக் குளியலிலும் மின்முலாமிலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்க வைக்கும். பூசிய சில மணி நேரத்துக்குள், சுமார் 200 டிகிரி செல்சியசில் பல மணி நேரம் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்யாத பட்டறையிடம் ஸ்பிரிங்கைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: விரிசல் கண்ட எக்ஸ்ட்ராக்டரைப் பற்றவைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பற்றவைக்கும் சூட்டில் சுற்றியுள்ள பதம் போய்விடும். புதியதை மாற்றுங்கள்.