நரசிம்மா என்றால் பேரன் திரும்பவில்லையா?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் என் மகள் துருக்கிக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பேரனுக்கு எட்டு மாதம். என் அப்பா பெயரான நரசிம்மனை வைக்கச் சொன்னேன். கேட்காமல் 'அஸ்லான்' என்று வைத்துவிட்டார்கள். நான் நரசிம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். வீடியோ காலில் அவன் என் பக்கம் திரும்புவதே இல்லை. சம்பந்தியம்மா 'அஸ்லானிம்' என்றால் சிரிக்கிறான். மகளும் இப்போதெல்லாம் சரியாகப் போனை எடுப்பதில்லை. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மகளுக்குப் புரியவைக்க ஒன்றுமில்லை அம்மா. இதே கடிதம் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது, பெயர்தான் மாறும்.

பேரன் திரும்பவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அவன் பெயரைச் சொன்னால்தானே திரும்புவான்? எட்டு மாதமாக நீங்கள் அவனைக் கூப்பிடவே இல்லை. உங்கள் அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மகள் ஏன் போனை எடுக்கவில்லை என்பது இப்போது தெரிகிறதா?

அஸ்லானுக்கு என்ன அர்த்தம் என்று ஒருநாளாவது கேட்டீர்களா? துருக்கி மொழியில் சிங்கம். பழைய வடிவம் அர்ஸ்லான். 1071-இல் மான்சிகெர்ட் போரில் பைசாந்தியப் பேரரசரையே சிறைபிடித்த சுல்தான் அல்ப் அர்ஸ்லானின் பெயரில் இருப்பது இந்தச் சிங்கம்தான். ரஷ்யர்கள் பிள்ளைக்கு வைக்கும் ருஸ்லானும் இதிலிருந்து வந்ததுதான். ஹங்கேரிக்காரர்கள் இன்றும் சிங்கத்தை 'ஒரொஸ்லான்' என்கிறார்கள். 1934-இல் துருக்கியில் குடும்பப் பெயர் கட்டாயமானபோது எத்தனையோ வீடுகள் இதையே எடுத்துக்கொண்டன. உங்கள் சம்பந்தியம்மா சொல்கிற 'அஸ்லானிம்' என்பதற்கு 'என் சிங்கமே' என்று பொருள். நம் வீடுகளில் 'என் சிங்கக்குட்டி' என்று கொஞ்சுவோமே, அதேதான். உங்கள் அப்பா பெயரிலும் பாதி சிங்கம். கேட்டிருந்தால் அன்றைக்கே மனம் ஆறியிருக்கும்.

அர்த்தம் வேறாக இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். பெயர் வைப்பது பெற்றவர்கள் உரிமை. பாட்டிக்கு உள்ள கடமை, வைத்த பெயரை வாய் நிறையச் சொல்வது. பேரனோடு பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தைப் பிடிவாதத்துக்குக் கொடுக்கிறீர்களே, எனக்குக் கோபமே வருகிறது.

நாளைக்குப் போன் போட்டால் முதலில் சம்பந்தியம்மாவைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் அந்தப் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று கேட்டு, நாலு தடவை கூடவே சொல்லிப் பாருங்கள். அப்புறம் பேரனைக் கூப்பிடுங்கள்.