சோழர் அரண்மனைப் பெண் ஒருவரை நாயகியாக வைத்துச் சரித்திர நாவல் எழுத ஆசை. போதிய தகவல் கிடைக்குமா, இல்லை முழுக்கக் கற்பனைதானா?

"பெண்களைப் பற்றித் தகவலே கிடையாது, இஷ்டத்துக்கு எழுது" என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள். நம்பினேன். அதனால் பதினோரு அத்தியாயங்களைக் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

நான் எடுத்துக்கொண்டது செம்பியன் மாதேவியை. மழவரையர் என்ற சிற்றரசர் குலத்து மகள், கண்டராதித்த சோழரின் தேவி, உத்தம சோழரின் தாய். கணவர் 957 வாக்கில் காலமானார். அரியணை கொழுந்தன் அரிஞ்சயருக்கும், அவருக்குப் பின் அவர் மகன் சுந்தர சோழருக்கும் போனது. இதைப் படித்ததும் மனம் தானாக ஒரு கதை கட்டுகிறது இல்லையா? மகனுக்கு முடி வேண்டிச் சதி செய்யும் தாய். நானும் அதையே எழுதினேன். நள்ளிரவுச் சந்திப்பு, முத்திரை மோதிரம், ரகசிய ஓலை, எல்லாம் இருந்தது. ஒரு பெண்ணாக இருந்துகொண்டு அவரை அப்படி எழுதினேனே என்பது இப்போதும் உறுத்துகிறது.

அப்புறம் ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் பக்கம் போனவள், பெரிய நடராஜரைப் பார்க்கலாம் என்று கோனேரிராஜபுரம் போனேன். தேவாரத்தில் திருநல்லம் என்று வரும் ஊர். அங்கே ஒரு சுவரில், லிங்கத்தை ஒருவர் வணங்குவதுபோல ஒரு சிற்பம். கீழே கல்வெட்டு. அங்கே எனக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அச்சில் தேடிப் படித்தேன். கண்டராதித்தர் பெயரால் கற்றளி, அதாவது கற்கோயில், எடுப்பித்து, அதே கோயிலில் அவர் இறைவனைத் தொழுதுகொண்டிருப்பதாக அவர் உருவத்தையும் வைத்திருக்கிறார் இந்த அம்மா. அது சுந்தர சோழருக்குப் பின் அரியணை ஏறிய மகன் உத்தம சோழரின் ஆட்சிக்காலம். கணவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் எழுதிவைத்திருந்த சதிகாரிக்கும் இந்தச் சுவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதற்குப் பிறகு தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. திருக்கோடிக்காவலில் செங்கல் கோயிலைக் கல்லாக மாற்றியபோது, பழைய கல்வெட்டுகள் அழிந்துவிடாமல் புதுச் சுவரில் படியெடுத்து வெட்ட வைத்திருக்கிறார். முன்னோர் கொடுத்த தானத்தின் கணக்கு தொலையக்கூடாது என்று நினைத்த மனம் அது. கல்வெட்டுகள் அவரை 'உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த பிராட்டியார்' என்கின்றன. அந்த மகனும் 985இல் போய்விட, ஆட்சி ராஜராஜரிடம் வருகிறது. அதற்குப் பிறகும் 1001 வரை அவர் இருக்கிறார், மரியாதையோடு, கொடை கொடுத்துக்கொண்டு.

கல்வெட்டை வைத்துக்கொண்டு நாவல் எழுத முடியாது, உணர்ச்சி வேண்டும் என்று இங்கே யாராவது பின்னூட்டம் போடுவார்கள். சரி, இதைப் பாருங்கள். சுந்தர சோழர் இறந்தபோது அவர் தேவி வானவன் மாதேவி உடன் தீயில் இறங்கினார். திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைச் சொல்கிறது. ராஜராஜரின் தாய் அவர். அதே குடும்பத்தில், கணவரை இழந்து பல ஆண்டுகளாக உயிரோடிருக்கும் மூத்தவர் செம்பியன் மாதேவி. அந்தச் செய்தி வந்த நாளில் அவர் என்ன செய்தார், யார் முகத்தைப் பார்த்தார்? இது எந்தக் கல்லிலும் இல்லை. உங்கள் கற்பனைக்கு இங்கேதான் இடம். இதற்கு மேல் என்ன உணர்ச்சி வேண்டும்? நான் ஆய்வாளர் இல்லை, தப்பிருந்தால் திருத்துங்கள். ஆனால் ஆதாரமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திருத்தி எழுதிய நாவல் அச்சுக்குப் போனது. அட்டையில் இருபது வயதுப் பெண், கையில் வாள், இடுப்பில் ஒட்டியாணம். முதல் அத்தியாயத்திலேயே அவர் கைம்பெண், வெள்ளைப் புடைவை என்று எழுதியிருக்கிறேன். கேட்டால், "விதவை படம் போட்டால் யார் வாங்குவார்கள்?" என்றார் பதிப்பாளர். அந்தப் பெண்ணுக்கு முன்னால் என் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அட்டையைப் பற்றியும் பேசிக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் பக்கம் அவர் பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது, செம்பியன்மாதேவி. அங்குள்ள கைலாசநாதர் கோயிலில், மாமியாரின் பிறந்த நட்சத்திரமான சித்திரைக் கேட்டையைக் கொண்டாட உத்தம சோழரின் மனைவிமார் பலர் கொடை வைத்திருக்கிறார்கள். அத்தனை மருமகள்களும் ஒருநாள் உட்கார்ந்து, யார் எவ்வளவு கொடுப்பது என்று பேசியிருப்பார்கள்தானே? அந்தக் காட்சியை எழுத எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.